முன்னச்சு

கும்பப்பூவுக்குத் தொழி அடிக்க இறங்கிய மூன்றாம் நாள்
தேரூர்ப் பற்றில் வண்டி உட்கார்ந்துவிட்டது.
பின்சக்கரம் இரண்டும் சேற்றைக் கடைகின்றன.
முன்சக்கரம் இரண்டும்
பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் போலச்
சும்மா நிற்கின்றன.

லிவர் விழுகிறது. டக்கென்று சத்தமும் கேட்கிறது.
அந்தச் சத்தத்தை நம்பி மூன்று தடவை ஏறிப் பார்த்தேன்.
வயல்காரர் தாணுலிங்கம் வாட்சைப் பார்த்தார்,
மடையைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய மரியாதை.

மெக்கானிக் செல்வதாஸ் மார்த்தாண்டத்தில், கல்யாணத்தில்.
போனுக்குள் செண்டை மேளம்.
“ரெண்டு முன்வீலையும் தூக்கு. லிவரப் போடு. கியர்ல நிக்கட்டும்.
ரெண்டையும் ஒரே பக்கமாத் தள்ளிப் பாரு.
சுத்தக் கூடாது, கேட்டியா? சுத்திச்சுன்னா…”
மீதியை மேளம் எடுத்துக்கொண்டது.

கயிறு கட்டி இழுத்துத் தென்னந்தோப்பில் ஏற்றினோம்.
ஒரு டயரை நான் பிடித்தேன்,
இன்னொன்றை வரப்பு வெட்ட வந்த கனகமணி.
தள்ளினோம்.
ராட்டினமாகச் சுற்றியது.

அந்த ஒரு நிமிடத்தில் கெட்டதெல்லாம் நினைத்தேன்:
பல் போன கிரௌன், தேய்ந்த பினியன்,
இருபத்தாறு வயசு ஜப்பான் வண்டிக்கு
எந்தத் துறைமுகத்தில் எந்தப் பெட்டியில் சாமான் கிடக்கிறதோ.
சொசைட்டிக் கடன் இன்னும் பதினோரு தவணை.

அச்சின் அடிநட்டைத் திறந்து
எண்ணெயை வெள்ளைத் துணியில் பிடித்தேன்.
விரலால் தேய்த்தேன். துணுக்கு இல்லை.
நம்பாமல் இன்னொரு தடவை தேய்த்தேன்.

அப்புறம்தான் வண்டி வயிற்றுக்கடியில் மல்லாந்தேன்.
குழாய் மூடியின் கிளிப்பைத் தளர்த்திப் பின்னால் தள்ள,
ஷாஃப்ட் தெரிந்தது. முன்பாதி சுற்றுகிறது,
கப்ளிங்குக்குச் சேதி போகவில்லை.
பின் இருக்க வேண்டிய துளையில்
ஓர் ஆணி.
கூரைச் சட்டத்தில் அடிக்கிற ஆறங்குல ஆணி,
தலையை வெட்டி, நுனியை மடக்கி.
அறுந்து மூன்று துண்டு.

அந்த மடக்கு எனக்குத் தெரியும்.
குளிமுறிக் கொண்டியில், கட்டில் காலில், கோழிக்கூட்டில்
அதே இடப்பக்க மடக்கு.

கத்தாரில் அப்போது சாயா நேரம்.
“நீ வச்ச ஆணி போச்சு” என்றேன்.
“நாலு வருசம் நின்னுதா!” என்றான் பெனட்.
சந்தோஷமாகக் கேட்டான், பாவி.
பிறகு குரல் மாறி, “முன்டயர் மாத்தினியா?”

மாற்றினேன். ஆடியில்.
வடசேரிக் கடைக்காரன் விலை குறைத்தான்,
ஒரு சைஸ் கம்மிதான், ஒண்ணும் தெரியாதுக்கா என்றான்.
லிவரை எடுக்கச் சோம்பல்பட்டு
சுசீந்திரம் ரோட்டுத் தாரில் வீடுவரை ஓட்டியதும் நான்தான்.
“இல்ல” என்றேன். சிக்னல் போய்விட்டது என்றேன்.

வாழைமூட்டில் கிடந்த பழைய டயரைக்
கொசுத்தண்ணி கொட்டி உருட்டி வந்தோம்.
தும்புக்கயிற்றால் இரண்டையும் சுற்றி அளந்தால்
அரைச்சாணுக்கு மேல் வித்தியாசம்.
ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த அரைச்சாணை
யாராவது விழுங்கியாக வேண்டும்.
சேறு வழுக்கி விழுங்கிக்கொள்ளும். தார் விழுங்காது.
கடைசியில் பல்லுக்குத்தான் வந்திருக்கும்.
குறுக்கே நின்றது
நாலு ரூபாய் ஆணி.

வெட்டூர்ணிமடத்தில் சரியான பின் கிடைத்தது. நாற்பத்தைந்து ரூபாய்.
மொட்டையானாலும் பழைய டயரையே மாட்டினோம்.
நாலரைக்கு வயலில் இறங்கினேன்.
முன்சக்கரம் சேற்றைக் கவ்வி
ஒரு நூல் முந்திப் போக, பின்னது ஒத்து வந்தது.
தாணுலிங்கம் மடையை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

இருட்டிய பிறகு தார் ஏறும் இடத்தில் நிறுத்தினேன்.
லிவரை எடுத்தேன். டக்.
இறங்கி,
டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துவிட்டுத்தான்
ஏறினேன்.